வெள்ளைப் பாதையில் சைக்கிள்: கியாந்தி மலையின் அமைதியான சாலைகள்

(நம் சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம். இடைத் தலைப்புகள் நாங்கள் சேர்த்தவை.)

  

செயலாளர் சார் என்னிடம், "இத்தாலிக்குப் போய் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசுங்கள், போட்டோ காட்டி ஒப்பேற்றக் கூடாது" என்றார். அதனால் இன்று திரை கிடையாது, பேச்சு மட்டும்தான். நானும் என் மனைவியும் அங்கே ஒன்பது நாள் இருந்தோம். எங்கே சாப்பிட்டோம், என்ன வாங்கினோம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மலைப்பாங்கான ஒரு ஊர், ஊர் முழுக்க திராட்சைத் தோட்டம், வருடம் முழுக்க சுற்றுலாப் பயணிகள் வரும் இடம். அப்படி ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மூன்று கார்கூடக் கண்ணில் படாத சாலைகள் இன்னும் எப்படி இருக்கின்றன? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். கூடவே, போக நினைப்பவர்களுக்குச் சில வழிகளும் சொல்கிறேன்.

இடம் எது?

இத்தாலியின் நடுவில் டஸ்கனி மாநிலம். அதில் வடக்கே ஃப்ளாரன்ஸ், தெற்கே சியெனா என்று இரண்டு பழைய நகரங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மலைப்பகுதிதான் கியாந்தி. அங்கே விளையும் ஒயினுக்கும் அதே பெயர்தான். 1716-ல் அந்த நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சி, எந்த எல்லைக்குள் விளைந்ததைக் கியாந்தி என்று விற்கலாம் என்று ஓர் அரசாணையே போட்டார். நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அதற்கு மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைத் தோட்டம் என்றதும் நமக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் ஞாபகம் வரும். அங்கே தலைக்கு மேல் பந்தல் போட்டுக் கொடியைப் படர விடுவார்கள். பந்தலுக்குள் நுழைந்தால் நிழல். கியாந்தியில் பந்தல் கிடையாது. கம்பி கட்டி, வேலி மாதிரி நீள நீளமான வரிசை. மலைச் சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி இருக்கும். நடுநடுவே சாம்பல் பச்சையில் ஒலிவ மரங்கள், மேலே ஓக் காடு, வீட்டுக்குப் போகும் வழியில் ஊசி மாதிரி நிற்கும் சைப்ரஸ் மரங்கள்.

மலை என்றால் ஊட்டி மாதிரி நினைக்க வேண்டாம். உயரம் பெரிதில்லை. கயோலே என்ற ஊர் ஏறத்தாழ 360 மீட்டரில் இருக்கிறது. ராடா 530 மீட்டர், காஸ்தெல்லீனா 580 மீட்டர் அளவு. நம் கோயம்புத்தூரே 400 மீட்டருக்கு மேல்தானே! ஆனால் அங்கே சமதளம் என்பதே இல்லை. இறங்கினால் ஓடை, ஏறினால் ஊர். மறுபடி இறங்கினால் ஓடை, ஏறினால் அடுத்த ஊர். மருதமலை ஏற்றத்தை ஒரே நாளில் நாலு தடவை, துண்டு துண்டாக ஏறுவது போல.

ஏன் இத்தனை சின்னச் சாலைகள்?

ஊர்கள் எல்லாம் ஏன் மேட்டில் இருக்கின்றன என்பதற்குக் காரணம் சண்டை. ஃப்ளாரன்ஸும் சியெனாவும் பல நூறு வருடம் இந்த மலைக்காக அடித்துக்கொண்டன. ஆளுக்கொரு பக்கம் கோட்டை கட்டினார்கள். கோட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

இதைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகள் கேளுங்கள். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், இரண்டு நகரங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்களாம். விடியலில் சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும். இருவரும் எங்கே சந்திக்கிறார்களோ அதுதான் எல்லை. சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலைத் தேர்ந்தெடுத்து நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலை இருட்டுப் பெட்டியில் பட்டினி போட்டார்கள். அன்றைக்குப் பெட்டியைத் திறந்ததும், பசி தாங்காத கறுப்புச் சேவல் விடிவதற்கு வெகு முன்பே கூவிவிட்டது. ஃப்ளாரன்ஸ் வீரன் பாய்ந்து வந்து சியெனாவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஃபோன்தேருத்தொலி என்ற இடத்தில் மற்றவனைச் சந்தித்தான். மலை முழுக்க ஃப்ளாரன்ஸுக்குப் போய்விட்டது. கதை உண்மையோ இல்லையோ, கியாந்தி கிளாசிகோ பாட்டில் கழுத்தில் இன்றும் அந்தக் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறது.

இது ஊர்களின் கதை. சாலைகளின் கதை வேறு. அதற்குக் காரணம் விவசாயம்.

நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவது உண்டல்லவா? அங்கேயும் அதே வழக்கம் பல நூற்றாண்டு இருந்தது. மெத்ஸாத்ரியா என்று பெயர். நிலமும் வீடும் பண்ணையாருடையது. உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது. விளைச்சலில் பாதிக்குப் பாதி. இதில் ஒரு முக்கியமான விஷயம், குடியானவர்கள் ஊருக்குள் குடியிருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் உழும் நிலத்தின் நடுவிலேயே, ஒரு கல் வீட்டில் இருந்தது. அந்தத் துண்டிலேயே கோதுமை, ஒலிவம், திராட்சை எல்லாம். ஒவ்வொரு வீட்டுக்கும் மாட்டு வண்டி போக ஒரு பாதை வேண்டுமே? அப்படி மேட்டுக்கு மேடு, வீட்டுக்கு வீடு போட்ட பாதைகள்தான் இந்தச் சின்னச் சாலைகள். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பிய கப்பி ரோடு. வெயிலில் வெள்ளையாகப் பளபளக்கும். அதனால் ஸ்த்ராதே பியாங்கே, அதாவது வெள்ளைச் சாலைகள் என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1950களிலும் 60களிலும், குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்துக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வார ஒப்பந்தம் போடக்கூடாது என்று 1964-ல் சட்டமே வந்தது. கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. போக ஆள் இல்லாத பாதைக்கு யார் தார் போடுவார்கள்? மறந்துபோனதாலேயே பல பாதைகள் பிழைத்தன.

பாதையைக் காப்பாற்றியவர்கள்

மறதி எப்போதும் காப்பாற்றிக்கொண்டே இருக்காது. பிறகு ஒயினுக்கு மவுசு வந்தது. பூட்டிய வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். கார்கள் வந்தன. கார் வந்ததும் தார் வந்தது. வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகக் கறுக்கத் தொடங்கின.

அப்போது கயோலேயைச் சேர்ந்த ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் ஒரு காரியம் செய்தார். மனு எழுதி, பதாகை பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1997-ல் பழைய காலத்து சைக்கிள்களில், பழைய காலத்துக் கம்பளி ஜெர்சி போட்டுக்கொண்டு, இந்த வெள்ளைச் சாலைகளில் ஓட்டும் ஒரு நாள் விழாவை ஆரம்பித்தார். பெயர் எரோய்கா. வீரதீரமானது என்று அர்த்தம். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். ஜெயிப்பவர், தோற்பவர் கிடையாது. பரிசு கிடையாது.

விதிமுறைகள் வேடிக்கையாக இருக்கும். சைக்கிள் 1987-க்கு முன்பு செய்ததாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி கைப்பிடிக்கு மேலே வெளியே தெரிய வேண்டும். மிதிகட்டையில் கூடும் வாரும் இருக்க வேண்டும். நீண்ட வழி 209 கிலோமீட்டர். இருட்டோடு கிளம்புவார்கள். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் பாதையின் இரு பக்கமும் விளக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். நடுவே தங்கும் இடங்களில் சத்து மாவுக் கட்டி எல்லாம் கிடையாது. ரொட்டி, பீன்ஸ் போட்ட ரிபொல்லீத்தா சூப், ஒரு கோப்பை ஒயின்.

இது பார்ப்பதற்கு ஒரு மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கும். ஆனால் இதனால் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். வெள்ளைச் சாலை என்பது தார் போட மறந்த சாலை என்ற எண்ணம் மாறி, எங்கள் ஊர்ச் சொத்து என்ற எண்ணம் வந்தது. 2007-ல் இதே சாலைகளில் உலகின் முன்னணி வீரர்கள் ஓட்டும் பந்தயம் ஒன்றும் தொடங்கியது. அதன் பெயரே இப்போது ஸ்த்ராதே பியாங்கே. சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செலாரா இதை மூன்று முறை ஜெயித்தார். அவர் பெயரையே ஒரு மண் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மண் சாலைக்குப் பெயர்ப் பலகை வந்துவிட்டால், அதன் மேல் தார் ஊற்ற யாருக்கும் மனசு வராது!

எரோய்காவின் 209 கிலோமீட்டர் வழிக்கு வருடம் முழுக்க அம்புக்குறிப் பலகைகள் உண்டு. விழா அன்று போக வேண்டும் என்று அவசியமே இல்லை. அமைதி வேண்டும் என்பவர்கள் விழா அன்று போகாமல் இருப்பதே நல்லது. இப்போது ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்.

அமைதியான சாலையைக் கண்டுபிடிப்பது

இது கியாந்திக்கு மட்டும் அல்ல, எந்த ஒயின் நாட்டுக்குப் போனாலும், ஏன், நம் பொள்ளாச்சிப் பக்கம் போனாலும் உதவும்.

முதலாவது, அவசரக்காரர்கள் எந்தச் சாலையில் போகிறார்கள் என்று பாருங்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு மலைக்கு மேற்கே நாலு வழி விரைவுச் சாலை இருக்கிறது. சைக்கிளுக்கு அனுமதி இல்லை. லாரியும் அவசரக் காரும் அதில் போய்விடுகின்றன. அதனால் மலைக்குள் இருக்கும் பழைய சாலைகள் மூச்சு விடுகின்றன. பக்கத்தில் ஒரு பெரிய சாலை இருப்பது சைக்கிள்காரருக்குக் கெடுதல் இல்லை. அது நமக்காகச் சுமை சுமக்கிறது.

இரண்டாவது, புகழ்பெற்ற சாலையைத் தவிருங்கள். மலை நடுவே கியாந்திஜானா என்ற 222-ஆம் எண் சாலை இருக்கிறது. எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் அதுதான். அழகான சாலைதான். ஆனால் சனி ஞாயிறில் மோட்டார் பைக் கூட்டம் உறுமிக்கொண்டு போகும். அதிலிருந்து ஒரு மேடு தள்ளி, கயோலே, ராடா பக்கம் வந்துவிட்டால் பெருமளவு சத்தம் போய்விடும்.

மூன்றாவது, பலகையில் உள்ள எழுத்து. இத்தாலியில் சாலைகளுக்கு நாட்டுச் சாலை, மாநிலச் சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை என்று தரம் உண்டு. நம் ஊர் மாதிரியேதான். தரம் இறங்க இறங்க அமைதி ஏறும். வரைபடத்தில் பெயரே இல்லாமல் கோட்டை வீட்டுக்கும் பண்ணைக்கும் போகும் கோடுகள்தான் பெரும்பாலும் வெள்ளைச் சாலைகள். தனியார் நிலம் என்று பலகை இருந்தால் மட்டும் உள்ளே போகக் கூடாது.

நான்காவது, நேரம். காலை எட்டு மணிக்குள் ஒரு சுற்று. பிறகு மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரு சுற்று. அந்த இரண்டு மணி நேரம் ஊரே சாப்பாட்டு மேசையில் இருக்கும். கடை எல்லாம் பூட்டு. சாலையில் பூனைகூட இருக்காது. இதே காரணத்தால், கடைச் சாமான் எதுவானாலும் பன்னிரண்டு மணிக்குள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

எளிதானது முதலில். கயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டை. போய்வர 20 முதல் 25 கிலோமீட்டர். முதலில் ஓடையை ஒட்டி லேசான இறக்கம். வழியில் உருண்டைக் கோபுரங்களோடு மெலேத்தோ கோட்டை. பிறகு இடப்பக்கம் திரும்பி ஏறினால், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வெள்ளைப் பாதை. எரோய்காவில் விளக்கு வைப்பதாகச் சொன்னேனே, அதுதான். ப்ரோலியோ 1141 முதல் ரிகாசொலி குடும்பத்திடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பெத்தினோ ரிகாசொலி ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். அவர்தான் 1872-ல், கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சை முக்கியம், எது துணை என்று எழுதிவைத்தவர். சாஞ்ஜோவேசே என்ற கறுப்புத் திராட்சைதான் அதன் உயிர். கோட்டை மதிலில் நின்று தெற்கே பார்த்தால், தெளிவான நாளில் தூரத்தில் சியெனாவின் கோபுரங்கள் தெரியும்.

இரண்டாவது, நடுத்தரம். கயோலேயிலிருந்து வடக்கே கோல்திபுவோனோ மடம், அங்கிருந்து ராடா, வோல்பாயா, மறுபடி கயோலே. சுமார் 40 கிலோமீட்டர். முதல் ஏற்றத்திலேயே 250 மீட்டர் அளவு உயர்ந்துவிடுவோம். சாலை முழுக்க மர நிழல். மேலே பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் நிறுவிய மடம். அதற்குப் பிறகு ராடா வரை மலை முதுகிலேயே ஓட்டம். இந்த வழி முழுக்கத் தார்ச்சாலைதான். ஆனால் கூட்டமில்லாத தார்ச்சாலை.

வோல்பாயா தனி விசேஷம். மேட்டின் உச்சியில் ஒரு குட்டி ஊர். கல் வீடுகள், இரண்டு மூன்று தெரு, பழைய கோயில்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஊரே ஓர் ஒயின் ஆலை. வழிபாடு நின்றுபோன கோயிலுக்குள் எஃகுத் தொட்டி நிற்கிறது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒயின் போக, தெருவின் கல் தளத்துக்கு அடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். நாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது காலுக்குக் கீழே ஒயின் ஓடுகிறது. புதிதாகத் தொழிற்கூடம் கட்டாமல், ஊரின் முகத்தை மாற்றாமல் தொழில் செய்கிறார்கள்.

மூன்றாவது, கடினமானது. இதில் திராட்சை குறைவு. சியெனாவுக்குத் தென்கிழக்கே அஷானோ என்ற ஊருக்கு ரயிலில் போய், அங்கிருந்து வடக்கே மோன்தே சான்தே மாரியே வெள்ளைச் சாலை. பதினொன்றரை கிலோமீட்டர் கப்பி. களிமண் குன்றுகள், மரமே கிடையாது, கோதுமை வயலும் ஆட்டு மந்தையும்தான். நிலவில் ஓட்டுவது மாதிரி இருக்கும். சில இடங்களில் ஏற்றம் பதினெட்டு சதவீதம் வரை போகும். அதாவது நூறு மீட்டர் போனால் பதினெட்டு மீட்டர் உயர்கிறோம், ஆறு மாடி! நம் பிளாக்கின் மொட்டை மாடிக்கு சைக்கிளிலேயே ஏறுவதுபோல. இறங்கித் தள்ளுவதில் வெட்கமே தேவையில்லை. கான்செலாரா பெயர் வைத்த சாலை இதுதான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. டயர் அகலம் 35 மில்லிமீட்டராவது இருக்கட்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கியரில் சின்ன கியர் எது என்று முதலில் பாருங்கள். வயதானவர்களுக்கு மின் உதவி சைக்கிள் நல்ல தோழன். மிதித்தால்தான் மோட்டார் உதவும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். என் மனைவி அதில்தான் வந்தார். ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று டாட்டா காட்டுவார்.

கப்பிச் சாலையில் இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மழை பெய்த மறுநாள் களிமண் பக்கம் போகவே போகாதீர்கள். மண் பிசின் மாதிரி சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டு மந்தை இருக்கும் இடத்தில் வெள்ளை நிறத்தில் பெரிய காவல் நாய்கள் இருக்கும். அவை தம் வேலையைச் செய்கின்றன. இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் போதும்.

ஒயின் பற்றிக் கேட்டீர்கள். இத்தாலியச் சட்டத்தில் சைக்கிளும் வாகனம்தான். குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு உள்ள அதே அளவுகோல்தான், தண்டனை உண்டு. அங்கே ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடத் தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர்களுக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: பீச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், பூண்டு தக்காளிச் சாறோடு. ரிபொல்லீத்தா, ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்டுக் கொதிக்கவைத்தது. இதில் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. அது சமையல்காரரின் மறதி இல்லை, டஸ்கனி ரொட்டியே அப்படித்தான். ஊறுகாய் பாட்டில் கொண்டு போங்கள்!

தங்குவதற்கு அந்தப் பழைய குடியானவர் வீடுகளையே தேர்ந்தெடுங்கள். பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு 1985-ல் சட்டம் கொண்டு வந்தார்கள். அதனால் பூட்டிக் கிடந்த பல வீடுகளில் மறுபடி அடுப்பு எரிகிறது. கியாந்தி மலைக்குள் ரயில் கிடையாது. சியெனா வரை ரயில், பிறகு பஸ்ஸோ டாக்ஸியோதான். மாதம் என்றால் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். செப்டம்பரில் போனால் திராட்சை அறுவடை பார்க்கலாம். டிராக்டருக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். சாலை முதலில் அவர்களுடையது.

ஒரு நியாயமான எதிர்வாதம்

இதுவரை பாதைக்காக மட்டும் பேசினேன். அந்தப் பாதையோரம் குடியிருப்பவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. கோடையில் ஒரு கார் போனால் போதும், காயப்போட்ட துணியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. மழையில் குழி. ஆம்புலன்ஸ் மெதுவாகத்தான் வரும். "நீங்கள் ஒரு வாரம் ரசித்துவிட்டுப் போய்விடுவீர்கள், நாங்கள் தினமும் துடைக்கிறோம்" என்று அவர்கள் சொன்னால், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கப்பி ரோடு தார் ரோட்டைவிட மலிவு என்றும் சொல்ல முடியாது. வருடா வருடம் சரளை கொட்டி, ஓரக் கால்வாய் தூர்வாரி, உருளை ஓட்ட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு மழையில் ஓடையாகிவிடும்.

ஆக, அமைதியான சாலை சும்மா கிடைப்பதில்லை. யாரோ கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். யாரோ பணம் ஒதுக்குகிறார்கள். முக்கியமாக, நிறையப் பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ப்ரோச்சி செய்ததில் நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு பாதையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதில் நாலு பேர் போக வேண்டும். யாரும் போகாத பாதைக்காகப் பேச யாரும் வர மாட்டார்கள்.

இதை இந்தக் கூடத்தில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பின் கேட்டை ஒட்டி, வாய்க்கால் ஓரமாக ஒரு மண் பாதை போகிறதல்லவா? அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது. தார் போட்டுக் காருக்குத் திறந்துவிட்டால் பிரதான சாலையின் சிக்னலைத் தவிர்க்கலாம் என்று ஒரு தரப்பு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் பள்ளி நேரத்தில் அந்த சிக்னலில் நிற்பவன்தான் நானும். இப்போது அந்தப் பாதையில் மழை பெய்தால் வழுக்குகிறது, இருட்டினால் விளக்கில்லை, மூட்டு வலி உள்ளவர்களால் நடக்க முடியவில்லை. இந்தக் குறைகள் எல்லாம் உண்மை.

ஆனால் இந்தக் குறைகளைத் தீர்க்கக் காரை உள்ளே விட வேண்டியதில்லை. நல்ல சரளை கொட்டி உருளை ஓட்டலாம். ஓரத்தில் நீர் வடியக் கால்வாய் எடுக்கலாம். நாலு விளக்கு போடலாம். நுழைவில் ஆம்புலன்ஸ் வந்தால் கழற்றக்கூடிய இரண்டு கம்பம் நடலாம். இதற்கு என்ன செலவாகும், தார் போட என்ன செலவாகும் என்று இரண்டு மதிப்பீடும் வாங்கி முன்னால் வைத்துவிட்டு முடிவெடுப்போம். ஒருமுறை காருக்குத் திறந்த பாதையை மறுபடி பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்த ஊரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். வரும் ஞாயிறு முதல் காலை ஆறரை மணிக்கு, பின் கேட்டிலிருந்து அந்தப் பாதை வழியாகக் குளக்கரை வரை சைக்கிளில் போய் வரலாம் என்று நாங்கள் சிலர் பேசியிருக்கிறோம். வேகம் கிடையாது, போட்டி கிடையாது. பழைய சைக்கிள், பிள்ளைகள் சைக்கிள், பால்கனியில் துணி காயப்போடும் சைக்கிள், எதுவானாலும் சரி. காற்றடிக்கும் பம்ப் நான் கொண்டு வருகிறேன். சைக்கிள் இல்லாதவர்கள் நடந்து வாருங்கள். பாதை எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்தால், எந்தப் பக்கம் கை தூக்கினாலும் அது தெரிந்து தூக்கிய கையாக இருக்கும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஊறுகாய் எந்தக் கடையில் வாங்கினேன் என்பதை மட்டும் என் மனைவியிடம் கேளுங்கள்.